செவ்வாய்க்கிழமை அட்டை

மார்ச் 4, செவ்வாய்

இன்று வரிசையில் நாற்பது பேருக்குக் குறையாது. டாக்டருக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்த கையாலேயே எல்லோரையும் பார்த்தார். “நமக்கு நோய் இருக்கான்னு இவரு பாக்கறாரு, இவருக்கு இருக்கான்னு யாரு பாக்கறது?” என்று ரயில் சத்தமாகவே கேட்டாள். ரயில் எனக்கு அடுத்த அறைக்காரி. பேச ஆரம்பித்தால் ஸ்டேஷன் வந்தால்தான் நிறுத்துவாள், அதனால் அந்தப் பெயர். எழுதப் படிக்கத் தெரிந்ததால் வீட்டில் என் பெயர் வாத்தியாரம்மா.

அட்டையில் முத்திரை விழுந்தது. மூன்று வருஷமாக ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை, நோய்க்குறி ஒன்றுகூட இல்லை. இனி பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி மனுப் போடலாம் என்கிறது சட்டம். போட்டுவிட்டேன். வேலை தருவதாகச் சலவைக்கடை அம்மா பொறுப்புக் கடிதம் கொடுத்திருக்கிறார். ஏப்ரல் 17 விசாரணை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும்.

மார்ச் 6

சட்டைக் காலரை எப்படித் தேய்ப்பது என்று சலவைக்கடை அம்மா காட்டினார். விரலைச் சுட்டுக்கொண்டேன். வழியெல்லாம் அந்த விரலைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். பைத்தியம்.

மார்ச் 19

போஸ்ட் ஆபீசில் தங்கையின் கடிதம். நர்சுப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது! “முதல் ஊசி உனக்குத்தான் அக்கா. ஓடாம நில்லு.” கழுதை. இன்னும் ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் மட்டும் வேண்டுமாம், போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம்.

ஜன்னல் ஓரத்தில் நின்று இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்கும்போதுதான் சுரீர் என்றது. சான்றிதழுக்குப் பதிவேட்டைப் புரட்டுவார்கள். பதிவேட்டில் இருப்பது அவள் பெயர்.

இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

பதிமூன்று வருஷம் முன்பு நான் இதே வீட்டில் மாடிக்கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தேன். மெல்லிய உடை, சிவப்பு விளக்கு, எதிரே நாற்காலிகள். பார்க்கலாம், தொடக்கூடாது. தொட்டால் வாசல்காரர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார். கீழ்த்தளத்துப் பெண்களை நாங்கள் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தோம். பிறகு சட்டம் வந்தது: இந்த மாதிரி வீட்டுப் பெண்கள் பெயரைப் பதிந்து, செவ்வாய்தோறும் டாக்டரிடம் உடம்பைக் காட்டி அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஒரு காலையில் மாடி, கீழ் என்று பார்க்காமல் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தினார்கள். நான் ஆடுகிறவள் மட்டும்தான் என்றேன். “ஆடறவளும் ஒண்ணுதான், படுக்கறவளும் ஒண்ணுதான், நகரு” என்றான் காவலன். அட்டை வந்த பிறகு வெறுமனே பார்ப்பதற்கு எவன் வருவான்? மூன்று மாதத்தில் கூடத்தை மூடினார்கள். நானும் படி இறங்கினேன்.

அன்று குமாஸ்தா பெயர் கேட்டார். என் பெயர் ஊருக்குத் தெரிந்தால் அப்பா தூக்கில் தொங்குவார். வாயில் வந்தது தங்கையின் பெயர். அப்பா பெயரையும் ஊரையும் மட்டும் பயத்தில் சரியாகச் சொல்லித் தொலைத்தேன். அவளுக்கு அப்போது ஆறு வயசு. ஆறு வயசுப் பிள்ளையின் பெயரை யார் தேடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பிள்ளை வளரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

முத்திரை. யாரிடமும் பேசவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

தங்கை எழுதியிருக்கிறாள். “என் பேரு நகரத்துப் பதிவேட்டுல இருக்குன்னு சொல்றாங்க அக்கா. என்ன பதிவேடுன்னு கேட்டா ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிக்கிறாங்க. வயசு ஒத்து வரலையேன்னு சொன்னேன். வயசுல நீங்க எல்லாரும் பொய்தான் சொல்வீங்கங்கறாங்க. 15-ஆம் தேதி இங்க ஆஸ்பத்திரிக்கு வந்து பரிசோதனை செஞ்சுக்கணுமாம். ஏதோ ஆபீஸ் தப்பு. நீ அங்கதானே இருக்க, போய் ஒரு வார்த்தை கேளேன்.”

ஒரு வார்த்தை.

ஏப்ரல் 9

ரயிலிடம் சொன்னேன். முதல் தடவையாக அவள் வாயடைத்துப் போனதைப் பார்த்தேன். பிறகு, “பாவம் ஓரிடம் பழி ஓரிடம்னு சொல்றது இதைத்தான்டி. போய்ச் சொல்லிடு” என்றாள்.

சொன்னால் பொய்ப்பெயர் கொடுத்ததற்கு இரண்டு மாதம் ஜெயில். வெளியே வந்தால் சொந்தப் பெயரில் புது அட்டை, மூன்று வருஷம் முதலிலிருந்து. விசாரணைக்கு எட்டே நாள்! பெயரை நீக்கிவிட்டால் தங்கையின் தொல்லையும் தானே தீர்ந்துவிடாதா என்றேன். “அடிச்ச பேரும் அதே ஏட்டுல கோட்டுக்கு அடியில கிடக்கும். படிச்சவ உனக்கு நான் சொல்லணுமா?” என்றாள்.

எரிச்சலாக வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தங்கைக்கு எழுதினேன்: 15-ஆம் தேதி போகாதே. காய்ச்சல் என்று சொல்லிவிடு. நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன்.

பார்த்துக்கொள்கிறேனாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

டாக்டரின் மேஜையில் படுத்து, கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். அவள் வீட்டில் படுத்திருப்பாள். காய்ச்சல் என்று சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாள்தானே?

ஏப்ரல் 17

நீக்கிவிட்டார்கள். மே முதல் தேதியிலிருந்து எனக்கு அட்டை இல்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு, “இனிமேலாவது ஒழுங்கா இரு” என்றார். சலவைக்கடை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதேன். நல்ல அழுகைதான்.

ஏப்ரல் 19

ஊரிலிருந்து என் அம்மா பக்கத்து வீட்டுக்காரரை விட்டு எழுதச் சொன்ன கடிதம்.

போயிருக்கிறாள். “தப்பு செய்யாதவ எதுக்கு இல்லாத காய்ச்சலை இருக்குன்னு சொல்லணும்” என்று துணைக்குக்கூட ஆள் வேண்டாம் என்று, தலையை வாரிக்கொண்டு தனியாகப் போயிருக்கிறாள். ரெண்டு ஆயாக்கள் பிடிச்சுக்கிட்டாங்களாம். சாயங்காலம் வந்து மூலையில உக்காந்தவ இன்னும் எழுந்திரிக்கலையாம். “என்னைப் பாத்தாங்க” என்கிறாளாம். அதுக்கு மேல கேட்டா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறாளாம். அடுத்த செவ்வாயும் வரணும்னு சீட்டுக் கொடுத்திருக்காங்களாம்.

எட்டு நாள். எட்டே எட்டு நாள் நான் வாயைத் திறக்கல. என் தங்கச்சியை அந்த மேஜை மேல நான்தான் ஏத்தினேன். அவங்க இல்ல. நான். நாசமாப் போக.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆபீஸ் கிடையாது. சலவைக்கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார். “பேசாம இருந்துட்டா உனக்கு விடுதலை. அவ பேரு மட்டும் அப்படியே கிடக்கும், இல்ல?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப கேள்வியே இல்லையே” என்றார். அவர் தந்த பொறுப்புக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று வருஷம் கழித்து, கடை இருந்தால் பார்க்கலாம் என்றார்.

ஏப்ரல் 21, திங்கள்

போகிறேன். இந்த நோட்டை ரயிலிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் பயமில்லை.

ஜூன் 22

வந்துவிட்டேன். ஜெயிலைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அன்று நடந்ததை எழுதி வைக்கிறேன். அதிகாரி முதலில் நம்பவில்லை. விட்டுவிட்டுப் போகிறவள் தானே வந்து மாட்டிக்கொள்வாளா என்று சிரித்தார். பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் ரேகை இருக்கிறதே, ஒத்துப் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள். பதிமூன்று வருஷத்தில் பெயரைத் தவிர எதையும் நான் மாற்றிக் கொடுக்கவில்லை. குமாஸ்தா ஊருக்குத் தந்தி அடித்தார். அந்தச் செவ்வாய் தங்கை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அது ஒன்றுதான் நான் செய்தது. அதையும் ஒரு வாரம் முன்பே செய்திருக்கலாம்.

ஜூன் 24, செவ்வாய்

புது அட்டை. வாசலில் ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் நகரவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். “எந்த மகாராணிடி அது?” என்று நான்கூடத் திரும்பிப் பார்த்தேன். ரயில் முதுகில் குத்தினாள். “அட்டையைப் பாரு வாத்தியாரம்மா, உன்னைத்தான்.”

அப்பா வைத்த பெயர். இந்த வாசலில்தான் மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

ஜூன் 28

தங்கையின் கடிதம். உள்ளே நன்னடத்தைச் சான்றிதழ், மடிப்புக் கலையாமல். மேற்படியாளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்று முத்திரையோடு இருக்கிறது. நர்சுப் பள்ளிக்கு அவள் போகவில்லையாம். அந்த மாதிரி வெள்ளை மேஜை இருக்கிற அறைக்குள் இனிக் காலெடுத்து வைக்க முடியாதாம். இந்தக் காகிதம் எனக்கு எதுக்கு, நீயே வச்சுக்கோ என்று எழுதியிருக்கிறாள்.

திட்டியிருப்பாள் என்று மேலும் கீழும் தேடினேன். திட்டவில்லை. கடைசியில் ஒரே ஒரு வரி, பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறாள்:

“வாரா வாரமா, அக்கா?”

ஜூலை 1, செவ்வாய்

காலையில் போனேன். முத்திரை போட்டார்கள். திரும்பும் வழியில் போஸ்ட் ஆபீசில் நின்று தங்கைக்குப் பதில் எழுதினேன். நாலு காகிதம் கிழித்த பிறகு ஒரு சொல்தான் மிஞ்சியது. அதையே போட்டேன்.

ஆமாம்.