பதின்மூன்று டிகிரி, எந்தப் பக்கம்

நவம்பர் 3
ஆய்வேட்டில் இரண்டு வரி எழுத முடியாதவள் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன். மன்னிக்கணும். யார் மன்னிக்க? நான்தான்.

ஊரிலிருந்து தான்தா பல்கலைக்கழகத்துக்கு மைக்ரோபஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வந்து சேர்வதற்குள்ளேயே ஓய்ந்துவிடுகிறேன். கணக்கு நேற்றைய இடத்திலேயே நிற்கிறது. ஒரு துகளை ஒளிவேகத்தில் பத்தில் ஆறு பங்கு கிழக்கே தள்ளு. அதோடு போகிறவன் பார்வையில் அதே அளவு வடக்கே தள்ளு. யாரும் திருப்பாமலே துகள் ஏறத்தாழ பதின்மூன்று டிகிரி திரும்பியிருக்கும். எந்தப் பக்கம்? என் கணக்கில் வலம். என் வழிகாட்டி டாக்டர் வக்தியின் பழைய கட்டுரையில் இடம்.

நவம்பர் 5
அடுத்த வியாழன் ஆய்வேட்டைக் கொடுக்கணும். டாக்டரிடம் சொன்னேன்.

"விடைல கூட்டல் கழித்தல் குறிய மாத்திடும்மா இன்ஸாஃப். பன்னண்டு வருஷமா அச்சுல இருக்கு. தேர்வாளருங்க கையில என் கட்டுரைதான் இருக்கும்."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

நவம்பர் 6
முலூக்கியா கீரை ஆய்ந்துகொண்டே அம்மா கேட்டாள். சொன்னேன்.

"யாரும் திருப்பாம எப்பிடிடீ திரும்பும்?"

"முதல்ல எந்தப் பக்கம் தள்ளுனோங்கறதப் பொறுத்தும்மா. மாத்தித் தள்ளுனா எதிர்ப்பக்கம் திரும்பும்."

"இதுக்கா மூணு வருஷம்?"

சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

நவம்பர் 8
குறியை மாற்றினேன். திரும்பவும் பழையபடி ஆக்கினேன்.

நவம்பர் 9
நான் நம்பட்டுமென்று டாக்டர் தன் பழைய கைநோட்டைக் கொடுத்தார். அதில் கிடைத்தது!

அரசுப் பள்ளியில் நாங்கள் அரபியில் வலமிருந்து இடமாகக் கணக்குப் போட்டவர்கள். இந்தக் கணக்கில் முதலில் தள்ளியதை வரியின் கடைசியில்தான் எழுதணும்; அரபியில் அது இடக்கோடியில் நிற்கும். கல்லூரியில் ஆங்கிலம்; முதல் தள்ளல் வலக்கோடியில் நிற்கணும். டாக்டர் நோட்டில் பள்ளிக்கூடப் பழக்கத்தில் போட்டுவிட்டு, ஆங்கிலத்துக்கு வரும்போது நின்ற வரிசையிலேயே படியெடுத்திருக்கிறார். வடக்கு முதலில் வந்துவிட்டது. முதலாண்டில் நானும் இதே தப்பில் மதிப்பெண் இழந்தவள்தான்.

இதை எப்படி அவர் முகத்துக்கு நேரே சொல்வது?

நவம்பர் 11
சொல்லவில்லை. நோட்டைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தேன். அவர் பேனாவை எடுத்து அந்த வரியை மறுபடி போட்டுப் பார்த்தார். தேநீர் ஆறிப்போனது.

"நானும் கவர்மென்ட் பள்ளிக்கூடந்தாம்மா" என்றார். பிறகு, "நீ உன் வலத்தையே வச்சுக்க. பத்திரிகைக்கு நான் திருத்தம் எழுதி அனுப்பிடறேன்."

பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் திரும்பி வந்தேன்.

"டாக்டர், அந்தத் திருத்தத்துல என் பேரும் வரணும்."