மட்டையில் படாத பந்து

மாசி, இரண்டாம் ஞாயிறு. இரவு.

பெருமாநல்லூரில் பனியன் கம்பெனிகளின் மேட்ச். பேட்டிங் அணியின் ஆளே அம்பயராக நிற்பது இங்கே வழக்கம். எங்கள் அணிக்கு நான் நின்றேன். எனக்கு வரவேண்டிய மேனேஜர் வேலையைப் பிடுங்கிக்கொண்ட முதலாளியின் மச்சான் ஆடினான். பந்து மட்டையில் படவில்லை. கீப்பர் பிடித்துவிட்டு அவுட் கேட்டுக் கத்தினான். நான் விரலைத் தூக்கிவிட்டேன்.

முணுமுணுக்காமல் நடந்தான். தப்பான தீர்ப்புக்கும் அப்படித் தலைகுனிந்து போன ஒரு மகா ஆட்டக்காரரைத்தான் இருபது வருடமாகக் கும்பிடுகிறேன். அவருக்கு அவுட் கொடுத்தவர்களை இன்னமும் திட்டுகிறேன்.

"சொந்த ஆளுக்கே குடுத்தீங்க பாருங்க, நீங்கதானுங்க அம்பயர்!" எதிரணி கேப்டன் கைகுலுக்கினார்.

பிறகு மச்சான் டீயோடு வந்தான். "மட்டையில பட்ட சத்தம் கேட்டுச்சுங்களாண்ணா? எனக்கே தெரியலீங்க."

"கேட்டுச்சு."

"அப்பச் சரிங்க." டீயை நீட்டினான். வாங்கிக் குடித்தேன்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அவன்.