சுவரின் சிவப்புக் கோடும் நீ வரைந்த மீனும்

அன்பு மகள் விஷ்ணுப்ரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே கிள்ளானில் நாங்கள் இருவரும் சுகமாய்த்தான் இருக்கிறோம், அங்கே கிளாஸ்கோ குளிரில் நீயும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டுமென்று மேலே இருப்பவரைத் தினமும் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறோம். தாளின் தலையில் மீசையோடு சிரிக்கும் என் படத்தையும் ‘உங்கள் வேட்பாளர் ரெங்கசாமி’ என்ற கொட்டை எழுத்தையும் பார்த்துப் பயந்துவிடாதே, போன தேர்தலில் மிஞ்சிய தாள் இன்னும் அலமாரியில் கட்டுக்கட்டாய் இருக்கிறது, உன் அம்மா அதில்தான் பாசாரில் வாங்க வேண்டிய காய்கறி சாமான் எழுதி என்னைக் கடைக்கு விரட்டுகிறாள். அவளுடைய முழங்காலுக்கு பெட்டாலிங் ஜெயாவில் வாரம் இரண்டு நாள் பயிற்சி கொடுக்கிறார்கள், மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு எங்கள் வீட்டில் மாடியே இல்லை என்று அவரையே மடக்கிவிட்டு வந்திருக்கிறாள், ஆகவே தெம்பாய்த்தான் இருக்கிறாள். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நான் குரல் செய்தி அனுப்பினால் நீ வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும், நேரில் பேசினாலோ அடுப்படியிலிருந்து உன் அம்மா எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவாள். இது யாரும் குறுக்கே வராமல் நான் உனக்குச் சொல்ல வேண்டிய விஷயம்.

போன வெள்ளிக்கிழமை தம்புசாமி வந்தான், நம் கட்சிக் கிளைத் தலைவன், சின்ன வயதில் உனக்கு ஹாக்கி மட்டை வாங்கிக் கொடுத்தவன். இருபது வருஷத்துக்கு மேலாய் நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக, மாண்புமிகு ஒய்.பி.யாக இருக்கும் மார்க்கிரட் சிவசம்பு இனி நிற்கப் போவதில்லை என்று ஷா ஆலாம் சட்டமன்றத்திலேயே எழுந்து சொல்லிவிட்டார். ஐந்து தேர்தலிலும் அவரிடம் தோற்றவன் நான்தான் என்பதால் துக்கம் விசாரிக்கிறானா வாழ்த்துச் சொல்கிறானா என்று எனக்கு முதலில் புரியவில்லை. அண்ணே, அந்தம்மா இல்லன்னா இந்த வாட்டி நீங்க கண்ண மூடிக்கிட்டு ஜெயிக்கிறீங்க லா, கன்ஃபர்ம் என்றான். ஒரே ஒரு நிபந்தனையாம். தேர்தல் அறிக்கையின் முதல் வரி ‘திடலை மீட்போம்’ என்று இருக்க வேண்டும், ஜெயித்ததும் திடல் இருந்த இடத்தில் வெட்டிய நம் தாமான் குடியிருப்புக் குளத்தில் பாதியைத் தூர்த்து ஃபுட்சால் கோர்ட்டும் அதை ஒட்டிக் கடை வரிசையும் கட்ட யாரோ ஒரு குத்தகைக்காரர் தயாராய் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பிரிக்பீல்ட்ஸ் கட்சி அலுவலகத்துக்கு என் பெயர் போக வேண்டும் என்றான். உனக்கும் போன் செய்திருக்கிறான் என்பது உன் செய்தி வந்த பிறகுதான் தெரிந்தது. ‘அப்பா, இந்த முறை விடாதீங்க, நம்ம திடல் நமக்கு வேணும்’ என்று நீ எழுதியிருந்ததை உன் அம்மா மூன்று தடவை சத்தமாய்ப் படித்தாள், படித்த கையோடு என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டும் வைத்துவிட்டாள். இரண்டு நாள் உனக்கு நான் பதில் போடாததற்குக் காரணம் கோபமில்லை, பதில் எழுதுமுன் ஒரு இடத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது.

உனக்கு அந்தத் திடல் என்றால் உயிர், எனக்குத் தெரியாதா. நீ ஹாக்கி ஆடிப் பல்லை உடைத்துக்கொண்ட இடம். அந்தப் புல்வெளியைத் தோண்டி மழைத் தண்ணீர் தேங்கும் குளமாக்க வேண்டும் என்று மார்க்கிரட் அம்மா சொன்னபோது நான் தொகுதி முழுக்க லோரியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு கத்தினேன், ‘குளத்து மார்க்கிரட்’ என்று பட்டப்பெயர் வைத்தவனும் நான்தான். நீ ஆறாம் படிவம் வரை படித்துப் பள்ளியை முடித்த வருஷம் பாலாய் ராயா சமூக மண்டபத்தில் நடந்த கூட்டம் ஞாபகமிருக்கிறதா, அந்தம்மா பேச்சை முடித்துவிட்டு எங்களையெல்லாம் திடலோரத்துப் பொதுக் கழிப்பறைக்கு நடத்திக்கொண்டு போய், கையில் கொண்டு வந்த சிவப்புச் சாயத்தால் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு போட்டார். பெரிய மழையும் கடல் ஏற்றமும் ஒரே நாளில் வந்தால் தண்ணீர் இதுவரைக்கும் வரும், அதற்கு இப்போதே ஒரு இடம் ஒதுக்குங்கள் என்றார். நான் சும்மா இருந்தேனா, ஒய்.பி. உங்க உயரத்துக்குத்தான் கோடு போட்டிருக்கீங்க என்றேன், கூட்டம் சிரித்தது, அந்தம்மாவும் சிரித்தார். மறுநாள் நீ உன் தூரிகையோடு போய் அந்தக் கோட்டின் மேல் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு மீனை வரைந்து ‘ஒய்.பி. மீன் பண்ணை’ என்று எழுதிவிட்டு வந்தாய். என் பிரச்சாரத்திலேயே உருப்படியாய் அமைந்தது அந்த மீன் ஒன்றுதான். பிறகு குளம் வெட்டப்பட்டது, நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை, அடுத்த தேர்தலில், அதுவரை நாலாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துக்கொண்டிருந்த அந்தம்மா வெறும் முந்நூற்றுப் பன்னிரண்டில் தப்பினார். நான் தோற்றாலும் பட்டாசு கொளுத்தினேன்.

நீ அங்கே போய் இரண்டு வருஷம் கழித்து அந்த டிசம்பர் மழை வந்தது. நம் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை, கடவுள் புண்ணியம் என்று உனக்குப் போனில் சொன்னேன். முழுசாய்ச் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை பகல் முழுக்க நானும் அம்மாவும் குடை பிடித்துக்கொண்டு குளக்கரையில் நின்றோம், நீர் ஏறி ஏறிக் கரையின் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே வந்து அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலை கால்வாய்க்கு அந்தப் பக்கத்துத் தாமானில் மாட்டிக்கொண்டவர்களை ஏற்றிவர நம் பெரிய லோரியை எடுத்துக்கொண்டு போனேன். நம் தாமானும் அதுவும் ஒரே மட்டத்தில் கட்டியவை, நடுவில் ஓடுவது ஒரே கால்வாய், ஆனால் அங்கே குளம் இல்லை. ஒரு வீட்டுக் கூரையிலிருந்து ஒரு ஆன்டியை இறக்கினேன், ஒரு கையில் பூனை, இன்னொரு கையில் மாமியார் படம், இரண்டையும் விடமாட்டேன் என்று அடம். தண்ணீர் வடிந்த பிறகு சேறு வழிக்கப் போனபோது வீட்டுக்கு வீடு சுவரில் ஒரே சீராய் ஒரு சேற்றுக் கோடு. லோரிக் கூரைக் கென்வாஸ் தைத்துப் பிழைக்கிறவன் இடுப்பில் அளவு நாடா இல்லாமல் இருக்குமா, ஏதோ தோன்றி அளந்தேன், நாலடி இரண்டு அங்குலம். நேரே நம் கழிப்பறைச் சுவருக்கு வந்து அந்தம்மா போட்ட கோட்டை அளந்தேன், நாலடி ஒரு அங்குலம். ஏழு வருஷத்துக்கு முன்னால் சிரிப்புக்கு நடுவே போட்ட கோடு ஒரே ஒரு அங்குலம்தான் தப்பியிருந்தது. நாடாவைச் சுருட்டக்கூடத் தோன்றாமல் உன் மீனைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இதை மனதிலேயே வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். தம்புசாமி வந்து போன மறுநாள் அடக்க முடியாமல் அந்தம்மாவின் சேவை மையத்துக்குப் போனேன், முதல் தடவையாக. தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு நம்பர் வாங்கி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன், முப்பத்து நாலாவது ஆள். அங்கே பார்த்ததையெல்லாம் எழுதினால் இந்தக் கட்டுத் தாளும் போதாது. சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்த ஒரு பையனிடம் கடிதம் தரமாட்டேன், வேண்டுமானால் நாளைக்குக் காலையில் நானே உன்னோடு அலுவலகக் கவுண்டருக்கு வந்து வரிசையில் நிற்கிறேன் என்றார், நிஜமாகவே போவாராம். விழாவுக்கு விழா முகம் அச்சடித்த அரிசிப் பை கொடுப்பது அவருக்கு ஆகாது, ரிப்பன் வெட்டக் கூப்பிட்டால் முதலில் அந்தக் கட்டடத்துக் கால்வாயைக் காட்டு என்பார். என் முறை வந்ததும், தொப்பிய எடுங்கண்ணே, உங்க மீசைய இந்தத் தொகுதியில தெரியாதவங்க யாரு, ஓட்டு கேக்க வந்தீங்களா என்றார். சிரிப்பும் வெட்கமுமாய் உட்கார்ந்தேன். அவர் பின்னால் அலமாரி நிறையச் சட்டமன்ற அறிக்கைகள், கேட்டு வாங்கிப் புரட்டினேன். விஷ்ணு, பதினோரு வருஷம், ஒவ்வொரு கூட்டத் தொடரிலும் ஒரே கேள்வி. எங்கள் தாமானில் தண்ணீர் எங்கே போகும்? வீடுகளின் எண்ணிக்கை மட்டும்தான் மாறுகிறது, கேள்வி மாறவில்லை. பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வருஷம், நிபுணர் ஆய்வு என்று ஒரு வருஷம், மறுபடியும் குளமா என்று சபாநாயகர் கேட்டதும் அதில் இருக்கிறது, அடைப்புக்குள் சிரிப்பு என்று போட்டிருக்கிறார்கள். தன் கட்சியே ஆட்சிக்கு வந்த பிறகும் அதே கேள்வியை எழுந்து நின்று கேட்டிருக்கிறார், அதனாலேயே இரண்டு முறை மாநில ஆட்சிக்குழுப் பதவி கை நழுவியது. புதிதாய் வீடு கட்டுகிறவர்கள் பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் தண்ணீருக்கு விட வேண்டும் என்று கொண்டுவந்த தீர்மானம் இரண்டு தடவை தோற்றது, மூன்றாவது தடவையாகப் போன மாதம் கடைசிப் பேச்சிலும் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாராம். எப்படி இவ்வளவு பொறுமை என்று கேட்டேன். பொறுமையா, எனக்கா, எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க என்றார். தண்ணி எங்க போவும்னு ஒருத்தரும் பதில் சொல்லல, அதான் கேட்டுக்கிட்டே இருந்தேன் என்றார். அவ்வளவுதான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், எழுபத்தொன்றாம் வருஷத்து வெள்ளத்தில் ஒன்பது வயதுப் பிள்ளையாக மேசை மேல் நாற்காலி போட்டு அதன் மேல் ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்தாராம், இதை அவர் ஒரு மேடையிலும் சொன்னதில்லை. நானாயிருந்தால் அந்த மேசையையே தேர்தல் சின்னமாக்கியிருப்பேன்.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன் மகளே. ஐந்து தேர்தலில் நான் எதிர்த்து நின்றது யாரை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது, மலைத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை தம்புசாமி பாரத்தை நீட்டியபோது, குளத்தைத் தொடுகிற கட்சிக்கு நான் நிற்கமாட்டேன் என்றேன். இத்தன வருஷம் தோத்துட்டு ஜெயிக்கிற நேரத்துல ஓடுறீங்களே அண்ணே என்று அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது, பாவம், எனக்காக அத்தனை போஸ்டர் ஒட்டியவன். நீங்க நிக்கலன்னா வேற ஆள நிறுத்தி அத மூடத்தான் போறோம் என்றான். நிறுத்து, நான் நாடாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் நாலடி இரண்டு அங்குலத்தை அளந்து காட்டுகிறேன், யார் ஜெயிக்கிறார்கள் பார்க்கலாம் என்றேன். எனக்கு ஓட்டு கேட்கத்தான் வராது, கத்த நன்றாகவே வரும். வெள்ளைச் சட்டை மறுபடியும் அலமாரிக்குப் போய்விட்டது, உன் அம்மா பாத்திரங்களைச் சத்தமாய் வைத்தாள், ஆனாலும் சாயங்காலம் டீயில் சர்க்கரை போட்டிருந்தாள், அதனால் சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன். உன்னிடம்தான் பயம். ஹாக்கி மட்டையோடு நீ திடலுக்காகப் பேசி ஒரு வீடியோ அனுப்ப வேண்டும் என்று தம்புசாமி கேட்பான், அனுப்பாதே. கோபம் வந்தால் என்மேல் காட்டு. திடல் போனதில் உனக்கு வலித்தது நிஜம், அதற்காக நாம் இருவரும் சேர்ந்து செய்தது சரியாகிவிடாது. நீயும் நானும் தப்பாக இருந்தோம், நான்தான் உன்னை அதில் இழுத்துவிட்டேன். அப்பாவை மன்னித்துக்கொள்.

நேற்றுக் காலையில் சிவப்புச் சாயம் வாங்கிக்கொண்டு போய் மங்கிப்போயிருந்த அந்தக் கோட்டைப் புதிதாய் இழுத்தேன். உன் மீனை வெள்ளையடித்து அழித்துவிடலாம் என்று இன்னொரு டின்னும் கொண்டு போயிருந்தேன், அந்த நேரம் பார்த்து மார்க்கிரட் அம்மா குளத்தைச் சுற்றி நடக்க வந்தார், கையிலிருந்த டின்னைப் பார்த்தார். அத அழிக்காதீங்கண்ணே, மீன பாக்க வந்தவங்கதான் கோட்டையே பாத்தாங்க என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தார். ஆகவே மீன் இருக்கிறது, கழுத்துப்பட்டை மட்டும் வெளுத்துவிட்டது, தீபாவளிக்கு வரும்போது உன் கையால் நீயே கட்டிவிடு.

கடைசியாக ஒன்று, உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே. வெள்ளத்துக்குப் பிறகு வந்த போன தேர்தலிலும் என்னை நிறுத்தினார்கள், பழக்க தோஷத்தில் நின்றேன். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட வகுப்பறை, விரலில் மை, தாளில் என் பெயரும் சின்னமும் என்னையே பார்த்தன. நான் பேனாவை எடுத்து மார்க்கிரட் சிவசம்பு பெயருக்கு நேராகப் பெருக்கல் குறி போட்டேன். வெளியே தம்புசாமி ஓடிவந்து, அண்ணே மொத ஓட்டு நமக்குத்தானே என்றான், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். ஐந்து தேர்தலில் நான் போட்டு ஜெயித்த ஒரே ஓட்டு அதுதான்.

நீயும் உன் வேலையும் நோய்நொடி இல்லாமல் செழித்து, உன் கையால் பிழைப்பவர்கள் வாழ்த்த நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். கம்பளிக் காலுறை இல்லாமல் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகாதே, மெகி நூடுல்ஸை ராத்திரிச் சாப்பாடு என்று கணக்கில் சேர்க்காதே, விமானச் சீட்டை இப்போதே போட்டுவிடு. பதிலை அம்மா பெயருக்கு அனுப்பாதே, நம் கென்வாஸ் கடை முகவரிக்கு என் பெயருக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
ரெங்கசாமி
(மேலே அச்சடித்திருக்கும் ‘வேட்பாளர்’ என்ற சொல்லை நானே பேனாவால் அடித்துவிட்டேன், தபாலில் அழிந்தது என்று நினைக்காதே.)