ஈயத் தகடு அடித்த அறைக்கு வைஃபை

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். இங்கேயும் அப்படியே என்று வழக்கம்போல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்த முறை மனம் வரவில்லை. கோபமாக இருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் சொல்லலாம் என்றுதான் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் "டப்பாவுல எந்த லைட்டுப்பா எரியுது, பச்சையா ஆரஞ்சா" என்று கேட்டாய். பச்சை என்றேன். "அப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, கடைசிவரை படி.

நீ முதலில் அனுப்பிய வைஃபை ரௌட்டர் எட்டு ஆன்டெனாக் கொம்போடு வந்தது. மாடியில் இணைப்பு வருகிற இடத்தில் வைத்தேன், மாடியில் பிரமாதம், கீழே அம்மா அறையில் ஒன்றுமில்லை. உனக்குச் சொன்னதும் "ரேஞ்ச் பத்தலப்பா, மெஷ் அனுப்புறேன்" என்று மூன்று வெள்ளை டப்பாக்களை அனுப்பினாய். ஒன்றோடொன்று காற்றிலேயே பேசிக்கொள்ளுமாம். மாடியில் ஒன்று, படியில் ஒன்று, அம்மா தலைமாட்டில் ஒன்று. தலைமாட்டில் இருப்பது யாரோடும் பேசவில்லை, சிவப்பாக முறைத்துக்கொண்டு கிடந்தது. கதவை அகலத் திறந்து வைத்தால் கொஞ்சம் வரும், ஓர் ஆள் குறுக்கே நடந்தால் நின்றுவிடும். பெரிய பெரிய அலுவலகங்களுக்கு எந்தப் பெட்டி வாங்க வேண்டும் என்று முடிவு செய்கிறவள் நீ. அங்கே போனால் சுவர் என்ன, கதவு என்ன, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று கேட்காமல் ஒரு வயர் கூட வாங்கமாட்டேன் என்று நீயே பெருமை அடித்திருக்கிறாய். உன் அம்மாவுக்கு மட்டும் வேகம் எவ்வளவு, கொம்பு எத்தனை என்று பார்த்தால் போதுமா? இடுப்பெலும்பு முறிந்தவளால் படியேற முடியாது, அதனால் அவளைக் கீழே நான் முன்பு தொழிலாக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த அறைக்கு மாற்றிவிட்டேன் என்று அப்போதே சொன்னேன். "ம்ம், ம்ம்" என்றாய், பின்னால் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த அறையின் நாலு சுவரிலும் கதவிலும் எக்ஸ்ரே கதிர் வெளியே போகாமலிருக்க ஈயத் தகடு அடித்திருப்பது உனக்குத் தெரியாதா? கல்லூரியில் படிக்கும்போது தோழிகள் தொல்லையும் அம்மா தொல்லையும் வேண்டாம் என்று போய் ஒளிந்துகொண்டது அங்கேதான். "இங்க டவரே கிடைக்காதுப்பா, நிம்மதி" என்று சொன்ன வாய் உன்னுடையது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை என்று விட்டிருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தாயே, படம் விட்டுவிட்டு வந்தது. "மாடிக்குப் போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா" என்றாய். மூட்டு வலியோடு ஏறிப்போய் அணைத்தேன். நான் மாடியில் நின்ற அந்த நேரத்தில்தான் அம்மா உன்னிடம் கேட்டிருக்கிறாள். டாக்டர் இன்னொரு ஆபரேஷன் சொல்கிறார், செய்துகொள்ளட்டுமா வேண்டாமா என்று. என்னிடம் கேட்கவில்லை, நான் செய் என்றுதான் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். உன் வாயால் கேட்க வேண்டும் என்று மனதில் வைத்திருந்திருக்கிறாள். திரையில் உன் முகம் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறது. நான் இறங்கி வந்தபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். மறுநாள் டாக்டரிடம் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், ஏன் என்று கேட்டபோதுதான் உன்னிடம் கேட்டதையே சொன்னாள். செய்யாவிட்டால் இனி எழுந்து நடக்க மாட்டாள் என்று அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மனம் மாறினால் செய்ய மாதக் கடைசிவரை இடம் வைத்திருக்கிறார்.

படம் நின்றுபோய்விட்டது, அணைத்தது நான்தான், உன் காதில் எதுவுமே விழவில்லை என்று அவளிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "மிஷின் மேல பழியப் போடாதீங்க. எம் பொண்ணு மூஞ்சி எனக்குத் தெரியாதா? அவளுக்கு இஷ்டமில்ல. வந்து பாத்துக்கணுமேன்னு பயப்படுறா, பாவம்" என்கிறாள். பாவம் என்று உன்னைச் சொல்கிறாள். எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, கதவு நிலைக்கு அடியில் துளை போட்டு, மாடியிலிருந்து வயர் இழுத்து அந்த டப்பாவில் செருகிவிட்டேன். இப்போது கதவைச் சாத்தினாலும் படம் நிற்பதில்லை. ஆனால் உன்னைக் கூப்பிடலாம் என்று போனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "அவள தொந்தரவு பண்ணாதீங்க" என்கிறாள். நேற்று உன் அழைப்பு வந்து மணி அடித்து ஓய்ந்ததே, தூங்குகிறாள் என்று நான் செய்தி அனுப்பியது பொய். விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதனால் இனிமேல் டப்பா எதுவும் தேர்ந்தெடுக்காதே. லீவு கிடைக்காது, வேலை தலைக்கு மேல் என்று என்னிடம் ஆரம்பிக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், கோபத்திலும் அப்பாவுக்கு அந்த நினைப்புத்தான். மாதக் கடைசி என்பதை மறந்துவிடாதே. நீ வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆபரேஷன் செய்துகொள்ளம்மா என்று அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நேரில் சொன்னால்தான் நம்புவாள்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாக இருக்கும்
அப்பா