மஞ்சளாகவே இருந்த தாள்

என் அருமை அரசிக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு முதலில் திட்டிவிடு. பிறகு சேதி சொல்கிறேன்.

நான் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நீ எடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அதே பயாலஜி குரூப். நீ இருந்திருந்தால் உன்னோடு சண்டை போடுவதற்காகவாவது நான் காமர்ஸ் பக்கம் போயிருப்பேன். லேபில் இப்போது குழாயில் தண்ணீர் வருகிறது. நம் மேசை மட்டும் இன்னும் ஆடுகிறது. பெஞ்சில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, காரணமே சொல்லாமல் நகர்ந்து உட்காருகிறேன்.

உன் சார்ட்டை டீச்சர் கழற்றவே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் கண்காட்சிக்காக நாம் செய்தது. கோணல் மாணலான உன் கையெழுத்தில் கடைசி வரி அப்படியே இருக்கிறது: 'நாங்கள் நினைத்தது தவறு.' ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி டீச்சர் சொல்வார், "அரசி ஒண்ணு நெனச்சா, சோதனைல வேற வந்துது. வந்ததத்தான் எழுதினா. இதுக்குப் பேருதான் சயின்ஸ்." பிள்ளைகள் தலையாட்டும். நான் அந்த நேரத்தில் பீக்கர் கழுவப் போய்விடுவேன்.

அரசி, ஏன் என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மஞ்சள் அரைத்துத் தடவிக் காயவைத்த தாள், சோப்போ சலவைச் சோடாவோ பட்டால் சிவக்கும் என்று டீச்சர் நடத்திய அன்று உனக்குப் பைத்தியம் பிடித்தது. சட்டைப் பையில் தாளை வைத்துக்கொண்டு என் டிபன் பாக்ஸ் ஊறுகாயிலிருந்து ஹெச்.எம். ரூம் டீ வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. அப்புறம் ஒருநாள் உன் ஊர் பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே ஆரம்பித்தாய்.

"எங்க ஊரு வாய்க்கால்ல நுரை நுரையா வந்துகினு கீதுடி. நடவுக்குப் போய்ட்டு வந்தா எங்கம்மாவுக்குக் காலெல்லாம் அரிப்பு. சாயப் பட்டறைத் தண்ணியான்னு பாத்துட்லாம். உங்கப்பா பட்டறைதான் கீதே, ஒரு பாட்டில் மொண்டுகினு வந்துடு."

சரி என்றுதான் சொன்னேன். சாயம் போடுவதற்கு முன்னால் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைப்பார்கள், அந்தத் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகும், சாக்கடை எங்கே போகும் என்று நான் யோசித்ததே கிடையாது. மறுநாள் காலையில் பாட்டிலை நிரப்பினேன். நிரப்பிய பிறகுதான் பயம் வந்தது. கண்காட்சிக்கு ஊரே வரும். அப்பாவின் பட்டறைத் தண்ணீரில் தாள் சிவந்தால், அப்பா முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்?

கொட்டிவிட்டேன். குழாய்த் தண்ணீர் பிடித்து, கலங்கலாகத் தெரிய அரிசி கழுவிய தண்ணீர் கொஞ்சம் ஊற்றினேன். அதைத்தான் உன்னிடம் கொடுத்தேன்.

நீ மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாய். "சோப்பு வாசனையே இல்லியேடி" என்றாய். ஆறிப்போச்சு இல்ல, அதான் என்றேன். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாய். அப்புறம் மூன்று தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக நனைத்தாய். மூன்றும் மஞ்சளாகவே இருந்தன. ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அந்தக் கடைசி வரியை எழுதினாய்.

உனக்குத் தெரிந்துவிட்டதா, அரசி? தெரிந்தும் எனக்காக எழுதினாயா? தெரியாமல் என்னை நம்பி எழுதினாயா? இரண்டில் எது எனக்கு அதிகம் வலிக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இன்றுவரை முடிவு தெரியவில்லை.

பரீட்சை முடியட்டும், சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். பத்தாம் வகுப்பு வந்தது. பொங்கலுக்கு உன் ஊருக்கு வந்து சொல்லலாம் என்று இருந்தேன். அரையாண்டு லீவிலேயே உனக்குக் காய்ச்சல் வந்தது, மூன்றே நாள். காய்ச்சலுக்கும் வாய்க்காலுக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். அறிவியல் படிக்கிறவள் இப்படி முடிச்சுப் போடக்கூடாது என்றும் தெரியும். ஆனாலும் உன் அம்மாவைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் என் கண் முதலில் அவர் காலுக்குத்தான் போகிறது.

போன வாரம் டீச்சர் ஒன்பதாம் வகுப்புக்கு உதவச் சொல்லி என்னை அனுப்பினார். அதே சோதனை. இந்தத் தடவை பிள்ளைகளே எங்கள் பட்டறைத் தெருச் சாக்கடையில் தண்ணீர் எடுத்து வந்திருந்தார்கள். தாளை நனைத்ததும் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது. ஒரே கூச்சல். அதில் ஒருத்தி மட்டும் உன் சார்ட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள், "அக்கா, அப்போ அந்த அக்கா பொய்யா எழுதிட்டாங்களா?"

டீச்சர் முந்திக்கொண்டார். "பொய்யின்னு சொல்லக்கூடாதுமா. கவனமில்லாம செஞ்சிருப்பாங்க."

கவனமில்லாமல்! சொட்டு சொட்டாக எண்ணி ஊற்றுகிறவளைப் பார்த்து! என் வாய் அப்போதும் திறக்கவில்லை. இரண்டாவது முறையாக உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்குமா மறைச்ச? கேட்டிருந்தா நானே மொண்டு குடுத்திருப்பேன். அந்தத் தண்ணி எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியாதா? தெனம் அதுலதான கைய வுட்டுகினு கீறேன்."

விரல்களை விரித்துக் காட்டினார். நுனியெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தது. தினமும் என் தட்டில் பரிமாறுகிற கை, நான் பார்த்ததே இல்லை. நீயாக இருந்தால் முதல் நாளே பார்த்து, ஏன் என்று கேட்டிருப்பாய்.

"ஆனா பட்டறைய மூடுன்னா நாம எங்க போறது? அந்தத் தண்ணிய இன்னா பண்ணணும்னு உன் புஸ்தகத்துல போட்டுகீதா?" என்றார். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. இன்னும் படிக்கலப்பா என்றேன். படிச்சிட்டுச் சொல்லு என்று எழுந்து போய்விட்டார். கோபமா, கேலியா, நிஜமாகவே கேட்டாரா என்று புரியவில்லை. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "பட்டறை பேர மட்டும் போடாத" என்றார். போடவில்லை. என் அப்பாவின் பட்டறை என்பதை எடுக்கவும் இல்லை.

இதை உன் சார்ட்டுக்குப் பக்கத்தில் ஒட்டப்போகிறேன். டீச்சரிடம் இன்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், நாளை முதல் பீரியடை எடுத்துக்கோ, பிள்ளைங்ககிட்ட நீயே சொல்லு என்றார். என்ன சொல்வது என்று பத்து முறை சொல்லிப் பார்த்தாயிற்று. "அந்த அக்கா பொய் எழுதல. கவனமில்லாமயும் செய்யல. அவங்கள ஏமாத்துனது நான்." இதோடு நிறுத்தமாட்டேன். நாளை சாயங்காலமே பஸ் ஏறி உன் அம்மாவிடமும் சொல்வேன். அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை படிப்பேன். இது உனக்கு என் வாக்கு.

நாளைக்கு வகுப்பே திரும்பி என்னைப் பார்க்கும். பார்க்கட்டும். என்னைத் திட்ட உரிமையுள்ளவள் நீ ஒருத்திதான், அரசி. உன் வாயால் ஒரே ஒரு தடவை திட்டு வாங்க முடியாதா என்றிருக்கிறது.

நான் பதினோரு நாள் மூத்தவளாக இருந்தும்
நீ ஒருநாளும் அக்கா என்று கூப்பிடாத உன் அக்கா,
நிவேதா
ஆரணி