டிஸ்சார்ஜ் என்றால் என்னவென்று நீ கேட்டாய்

முழங்கால் அறுவை முடிந்து ரவாங் நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன். நேற்றுக் காலை தரை துடைத்த மருந்து வாடை அடங்கும் முன்பே நர்ஸ் வந்து, "ஆண்ட்டி, நாளைக்கு டிஸ்சார்ஜ்," என்றாள். மற்றவர்களுக்கு இனிக்கிற சொல் அது. எனக்கு உன் முகம்தான் வந்தது.

எண்பதுகளின் நடுவில், கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் நாம் இருவரும் செம்பனை மரங்களுக்கு அடியில் களைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தோம். முதுகில் மாட்டிய உன் பம்பு ஒழுகும். எங்களை வேலை வாங்கும் மண்டோரிடம் சொன்னால், "வேற வரும், இருக்குறத வச்சு அடி," என்பார். வேறு வரவேயில்லை. உன் முதுகு புண்ணாகியது. பிறகு தோட்டம் கொடுத்த லயத்து வீட்டுப் படி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்கியது. புருஷனும் போய், பிள்ளையும் இல்லாத உன்னை நான்தான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே டாக்டர் தினமும் உன் முதுகைப் பார்த்து நர்ஸிடம், "டிஸ்சார்ஜ் இருக்கா?" என்று கேட்பார். ஒருநாள் அதே வாயால், "நாளைக்கு டிஸ்சார்ஜ்," என்று சொல்லிவிட்டுப் போனார். நீ என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாய்.

"ஏண்டி, கிராணி இவருகிட்ட சொல்லிட்டாரா? என்னைய வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதும் கிராணி யாரைப் பார்த்தாவது அந்தச் சொல்லைச் சொன்னால், கொஞ்ச நாளில் அந்த ஆளின் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கும். உனக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான். மூன்றாம் பாரம் வரை படித்தவள் என்பதால் நான் விளக்கினேன்.

"அது வேற, இது வேற. புண்ணுல சீழ் வடிஞ்சா டிஸ்சார்ஜ். குணமாகி வீட்டுக்கு அனுப்புனாலும் டிஸ்சார்ஜ்."

"வெள்ளக்காரனுக்குச் சொல்லுக்கா பஞ்சம் லா? ஒண்ணையே வச்சு எல்லாரையும் கதிகலங்க வைக்கிறான்."

இருமல் வரும்வரை சிரித்தாய். இருமி முடித்ததும், "அந்த வார்த்த எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாய். தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

தோட்டத்துக்குத் திரும்பிய அதே வாரம் கிராணி கூப்பிட்டனுப்பினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் மேசைக்கு முன்னால் நின்றாய்.

"கனமான வேல செய்யக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இங்க இலேசான வேல ஏது? டிஸ்சார்ஜ்தான் பண்ணணும்."

"அப்போ வீடு?"

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிரும்மா." அவர் தலை நிமிரவில்லை.

திரும்பி வரும் வழியில், "அது வேற, இது வேறன்னியே," என்றாய். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

எங்கள் வீட்டிலேயே இரு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "உன் பிள்ளைங்க கால நீட்டவே இடமில்ல," என்று மறுத்துவிட்டு, பாசிர் பெனம்பாங்கில் உன் அண்ணனின் ஒற்றை அறைக்குப் போனாய். மீன் கொட்டகையில் உட்கார்ந்து இறால் உரித்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வரும்போதெல்லாம் உன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சுக்காக நின்றாய். அப்படி வந்த ஒரு ஞாயிறு, உன் அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "காலையிலதாம்மா மூச்சு நின்னுச்சு," என்றார்.

என் மகள் பல்கலைக்கழகம் போனபோது தடித்த அகராதி ஒன்று வாங்கினாள். அதில் தேடினேன். வண்டிக்குப் பழைய லத்தீன் மொழியில் இருந்த பெயரிலிருந்து வந்த சொல்லாம். வண்டியில் ஏற்றிய சுமையை இறக்குவதுதான் முதல் பொருள். கப்பல் சரக்கு, துப்பாக்கிக் குண்டு, சீழ், நோயாளி, வேலையாள் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. படித்ததும் ஒரு கணம் ஆறுதலாகத்தான் இருந்தது, சுமை இறங்கிவிட்டதே என்று. பிறகுதான் உறைத்தது. இலேசானது வண்டி. நீ வண்டியாக இருக்கவில்லை. இறக்கிப் போட்டது எங்கே கிடந்தது, அதை யார் எடுத்தார்கள் என்று அகராதியில் ஒரு வரியும் இல்லை.

உனக்குச் சொல்ல வேண்டியதை இவ்வளவு தாமதமாகச் சொல்கிறேன்.

அன்று அந்த டாக்டரோ நர்ஸோ கிராணியோ உன்னிடம் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அந்தச் சொல்லை யாருக்குச் சொல்லக் கேட்டாலும் என் வாயில் அதுதான் வருகிறது. நேற்று பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் நர்ஸ் அதையே சொல்லிவிட்டுப் போனாள். நான் திரும்பிப் படுத்து, "எங்கம்மா போவீங்க? வீட்டுல யாரு இருக்கா?" என்றேன்.

அவர் மெல்ல எழுந்து என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் காத்திருந்தேன்.