தண்டபாணி மாமாவின் ஃபோர்டும் ஏழு அளவுக்குச்சிகளும்

கொடைக்கானல்,
11-6-1963, செவ்வாய்.

அன்பு மகள் சண்முகசுந்தரிக்கு அப்பா எழுதிக்கொண்டது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உடம்பளவில் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நாகபுரி வெயிலில் வாடாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் இங்கே இருவருக்கும் தினசரி நினைப்பு. உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தண்டபாணி மாமா ஏன் பதில் போடவில்லை, பழைய மோட்டார் சங்கத்தின் மலையேற்றம் இந்த வருஷம் எப்படி நடந்தது என்று கேட்டிருந்தாய். இரண்டு முறை எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டுவிட்டேன். வரிசைப்படுத்திக்கொண்டால் எழுத முடியும் என்று தோன்றுகிறது. ஆகவே எழுதப்போவது இவை:

1. வீட்டு விஷயம்.
2. மே மாதம் பன்னிரண்டாம் தேதி நடந்த மலையேற்றமும், பொன்னனுக்குப் பட்ட அடியும்.
3. அதற்குக் காரணம், தண்டபாணி மாமா பெட்ரோல் குழாயைச் சரியாக மூடாமல் விட்டது.
4. அவருடைய ஃபோர்டு கைமாறப் போவது.
5. என் ஆஸ்டினை மழைக்காலத்துக்கு மூடி வைப்பது.

வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை. நாலு நாளாக மூட்டம் இறங்கி ஏரி கண்ணுக்குத் தெரியவில்லை, துணி காயவில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி திரும்பியிருக்கிறது. மன்னவனூரிலிருந்து வந்த காரட் மூட்டையில் பாதி அழுகல். அம்மா குழந்தைக்குக் கம்பளிச் சட்டை பின்ன ஆரம்பித்து, அளவு தெரியாமல் கையோடு நிறுத்தி வைத்திருக்கிறாள். உங்க அப்பாவைக் கேட்டா ஸ்கேலை எடுத்துட்டு நாகபுரிக்கே கிளம்பிருவாரு, நீயே அளவெடுத்து எழுதிடு என்கிறாள். எனக்குத் தூக்கம் குறைவு, பசி குறைவு, மற்றபடி சுகம்.

இரண்டாவது விஷயத்தை மாப்பிள்ளையும் படிப்பார் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் எனக்கும் வரிசை தப்பாது. சங்கத்தில் வண்டிகள் ஏழு. வெள்ளைக்காரர்களும் மிஷன் துரைமார்களும் ஊருக்குப் போகும்போது விட்டுச் சென்றவை, ஒன்றும் முப்பது வயதுக்குக் குறைந்ததல்ல. எல்லாவற்றிலும் மூத்தது மாமாவின் டி-மாடல் ஃபோர்டு. அதனால் மலையேற்றத்தில் அதுதான் முதலில் போகும், அதை யாரும் முந்தக் கூடாது, அது நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும், ஒருவருக்கு பிளக் வேண்டுமென்றால் மற்ற ஆறு பேர் பையும் திறக்கும். அந்த ஃபோர்டின் பெட்ரோல் தொட்டி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பெட்ரோலை இழுத்துக் கொடுக்கக் கருவி கிடையாது, தண்ணீர் போலத் தானாக வழிந்துதான் இன்ஜினுக்குப் போக வேண்டும். தொட்டியில் பாதிக்குக் கீழே இருந்தால் செங்குத்தான ஏற்றத்தில் மூக்கு தூக்கும்போது வழியாது, வண்டி நின்றுவிடும். அதனால் அந்த மாதிரி இடங்களில் மாமா வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே ஏற்றுவார். பஸ்ஸில் போகிறவர்கள், ஏலே அந்த வண்டி மறந்துபோன சாமானை எடுக்க வீட்டுக்குத் திரும்புதுடோய் என்று கத்துவார்கள். பழனி மலையில முருகனுக்கு முதுகைக் காட்டாம பின்னாலயே படியெறங்கிப் பழகுனவன்யா நான், எனக்கு இதெல்லாம் ஒரு சோலியா என்று அவர் பதிலுக்குக் கத்துவார். நீ அந்த வண்டியில் ஓட்டக் கற்றபோது முதலில் கற்றது பின்னால் போவதைத்தான் என்பது உனக்கு நினைவிருக்கும்.

வத்தலக்குண்டில் ஏறத் தொடங்கும் முன்பு காரியதரிசி என்ற முறையில் நான் ஏழு தொட்டியிலும் குச்சி விட்டுப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குச்சி, அதில் கால், அரை, முக்கால், முழு என்று வெட்டு. பழைய குச்சிகள் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று குடைக்கம்பு என்று பார்க்கச் சகிக்காமல் கிடந்தன. இந்த வருஷம் நானே ஒரே பலகையிலிருந்து ஏழு குச்சி அறுத்து, எல்லாவற்றையும் ஒரே நீளமாக்கி, பழையதைப் பார்த்து வெட்டுகளைப் போட்டு, வார்னிஷ் பூசி எண் எழுதி எடுத்துப் போனேன். எல்லாரும் பாராட்டினார்கள். ஃபோர்டுக்கு முக்கால் என்று காட்டியது. என் ஆஸ்டின்தான் அரைக்குச் சற்று மேலே நின்றது. அங்கேயே பங்க்கில் சற்றுமுன் முழுத் தொட்டி போட்டிருந்தேன், அளவில் ஏமாற்றிவிட்டானே என்று எனக்கு வருத்தம். கேட்கத் தைரியம் வரவில்லை. தளும்பத் தளும்ப ஊத்துனதை நான் பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன், அந்தப் பிள்ளை மேல பழி போடாதீங்க என்றாள் அம்மா. மாமா தன் சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, வாத்தியாரே சத்தம் வெறுமையா கேக்கு, நான் செங்குத்துல பின்னாலயே ஏத்திர்றேன் என்றார். குச்சி முக்கால் காட்டுகிறது, நேராகவே ஏறலாம், மற்றவர்களுக்கும் தாமதமாகாது என்று நான் சொன்னேன். நோட்டையும் திறந்து காட்டினேன். ஆயுசில் நான் ஒருவரிடம் அப்படி உறுதியாகப் பேசியது அபூர்வம்.

மலைப்பாதையில் ஊத்து என்ற ஊர் வந்ததும் நின்றோம். மாமாவுக்குக் கையெல்லாம் கிரீஸ். வழக்கம்போலத் தொட்டிக்கு அடியிலுள்ள சின்னக் குழாயைத் திறந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு தூறலில் கிளம்பினோம். ஃபோர்டின் ஃபுட்போர்டில் பொன்னன் சக்கரக் கட்டையோடு நின்றான். பொன்னனை நீ பார்த்திருக்கிறாய், அடிமலைக்காரன், மாமாவின் பள்ளங்கித் தோட்டத்தில் வேலை பார்ப்பவன், வருஷா வருஷம் கட்டை போடுவது அவன்தான். இரண்டாவது வளைவில் ஃபோர்டு மூன்று முறை இருமிவிட்டு நின்றது, பிறகு பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக் பழசு, ஈரத்தில் பிடிக்கவில்லை. நேர் பின்னால் நான், பக்கத்தில் அம்மா. எனக்கு ஹார்ன் அடிக்கத்தான் தோன்றியது, வேறெதுவும் தோன்றவில்லை. பொன்னன் குதித்துச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்தான். சக்கரம் கட்டையின் ஓரத்தில் ஏறி அவன் வலது பாதத்தின் மேல் இறங்கி நின்றது. எங்களுக்கும் ஃபோர்டுக்கும் நடுவே இரண்டு முழம்தான் இருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான். பார்க்கப் போனபோது, கட்டை நல்லாத்தான் பிடிச்சுது சாமி, நான்தான் காலை வெரசா எடுக்காமப் போயிட்டேன் என்று எனக்குச் சமாதானம் சொன்னான்.

மூன்றாவது, காரணம். அறிக்கை எழுத வேண்டியது காரியதரிசி வேலை. விபத்தன்று ஃபோர்டைக் கயிறு கட்டி இழுப்பதற்கு முன் தொட்டியை டின்னில் இறக்கிப் பார்த்தோம், இரண்டரை கேலன்தான் இருந்தது. பத்து கேலன் தொட்டியில் முக்கால் என்றால் ஏழரை. அதுவரை ஏறியதற்கு இரண்டு போனாலும் ஐந்தரை இருந்திருக்க வேண்டும். மூன்று கேலனைக் காணவில்லை. ஊத்தில் குழாயைத் திறந்தவர் மாமா, அதைச் சரியாக முடுக்காமல் விட்டிருக்கிறார், வழியெல்லாம் ஒழுகியிருக்கிறது என்று எழுதினேன். அவருக்குப் பின்னாலேயே வந்த எனக்குப் பெட்ரோல் வாடை அடிக்கவில்லையே என்று ஒரு சந்தேகம் இருந்தது. தூறலில் தெரிந்திருக்காது என்று அதையும் தீர்த்துக்கொண்டேன். போன மாதம் பத்தொன்பதாம் தேதிக் கூட்டத்தில் வாசித்தேன். முதலில் தன் வண்டியின் குறை ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவர் வண்டியைப் பற்றி வாய் திறக்கலாம் என்பது நம் கூட்டத்து வழக்கம் இல்லையா, அதன்படி என் ஆஸ்டினில் சைலென்சர் ஆடுகிறது என்று சொல்லிவிட்டு இதை வாசித்தேன். தலைவர் சேனாதிபதி, ஏப்பா தண்டபாணி, கை கழுவ ஊருல தண்ணியா இல்லை, இந்தா இத்தாம்பெரிய ஏரி கெடக்கே என்றார். யாரும் சிரிக்கவில்லை. மாமா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். மூடினேன்னுதான் நெனப்பு, ஆனா வாத்தியார் எழுதிட்டாருன்னா யோசிக்காம எழுதமாட்டாரு, வயசாயிருச்சுங்க என்றார். இனி ஓட்டுவதில்லை என்று அவரே சொல்லிச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

நாலாவது, வருகிற வெள்ளிக்கிழமை ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரி வருகிறது. வாங்குகிறவருக்கு வண்டி வேண்டாம், இன்ஜினைக் கழற்றிக் கிணற்றில் தண்ணீர் இறைக்க மாட்டப் போகிறாராம். மேல்கூடு பழைய இரும்புக்குப் போகும். வண்டி போவதைவிட வேறொன்று என்னை உறுத்துகிறது. மாமா வீட்டுச் சண்முகவள்ளி அத்தை போன வாரம் வந்து அம்மாவிடம் அழுதிருக்கிறாள். வீட்டைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பாக்காரு, அடுப்பை அணைச்சேனா அணைச்சேனான்னு என்னையக் கேக்காரு, காப்பியில சீனி போட்டதக்கூட நம்ப மாட்டேங்காரு, மனுசன் தன்னையே நம்பாமப் போயிட்டாரு அண்ணி என்றாளாம். உனக்குப் பதில் எழுதாததும் அதனால்தான். நாலு வரி எழுதி, விலாசம் சரிதானா என்று பயந்து பெட்டியில் போடாமல் வைத்திருக்கிறாராம். பொன்னன் தினமும் வெள்ளனே நொண்டிக்கொண்டே வந்து வண்டியைத் துடைத்து வைத்துவிட்டுப் போகிறான். மாமா ஷெட்டுப் பக்கம் வருவதே இல்லை. நான் அந்தத் தெரு வழியாக நடப்பதை நிறுத்தி மூன்று வாரமாகிறது. உண்மையைத்தானே எழுதினோம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டாலும் கால் அந்தப் பக்கம் போகவில்லை. அவருக்கு நீ ஒரு கடிதம் போடு. விபத்தைப் பற்றி எழுதாதே, குழந்தையைப் பற்றி எழுது.

ஐந்தாவது, ஆஸ்டினை விபத்துக்குப் பிறகு நான் எடுக்கவில்லை. இனிமேலும் எடுப்பேனா தெரியாது. பெட்ரோலை இறக்கி, பேட்டரியைக் கழற்றி, படுதா போட்டு மூட வேண்டும். இன்று மதியம் அதைச் செய்வதாக இருக்கிறேன். முதல் வண்டி இல்லாமல் அடுத்த வருஷம் மலையேற்றம் இருக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது அதன் காதை மூடிவிடு. மாப்பிள்ளையை இருட்டுவதற்குள் சைக்கிளில் வீடு வந்து சேரச் சொல். சட்டைக்கு மார்பளவும் கையளவும் மறக்காமல் எழுது, நூல் நாடாவால் எடு, கண்ணளவில் எழுதாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல், கைகால் சுகத்தோடு, மனசில் கலக்கமில்லாமல் நீடூழி இருக்கப் பழனியாண்டவன் துணையிருக்கட்டும்.

உன் நலமே கோரும் அப்பா,
ஞானவேல்.

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுவது:

மணி மூன்று. ஷெட்டிலிருந்து வருகிறேன். ஆஸ்டினின் குச்சி எண் நாலு. பெட்ரோலை இறக்கும் முன் பழக்கத்தில் அதை விட்டுப் பார்த்தேன். அரைக்கும் கீழே காட்டியது. நாலு கேலன் தொட்டி, அப்படியானால் இரண்டுக்கும் குறைவாக வர வேண்டும். ஒரு கேலன் டின் இரண்டு முறை நிறைந்து, மூன்றாவது முறையும் முக்கால் நிறைந்தது. பங்க்கில் அந்தப் பையன் முழுத் தொட்டிதான் ஊற்றியிருக்கிறான். அம்மா சொன்னது சரி. இறக்கியதைத் திரும்பத் தொட்டியில் ஊற்றிவிட்டு, ஃபோர்டின் எண் போட்ட இரண்டாம் குச்சியை எடுத்து விட்டேன். சரியாகக் காட்டியது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஃபோர்டு தொட்டியின் ஆழம் பத்து அங்குலம் என்று நோட்டில் இருக்கிறது, என்னுடையது ஆறு. முழு என்ற வெட்டு என் நாலாம் குச்சியில் பத்து அங்குலத்தில் இருக்கிறது, அவருடைய இரண்டாம் குச்சியில் ஆறு அங்குலத்தில் இருக்கிறது. வார்னிஷ் காய்ந்த பிறகு எண் எழுதும்போது இரண்டையும் மாற்றி எழுதியிருக்கிறேன். பழைய குச்சிகளில் என்னுடையது குட்டை, அவருடையது நெட்டை, கண் தெரியாதவன்கூட மாற்றியிருக்க மாட்டான். நான் எல்லாவற்றையும் ஒரே நீளமாக ஆக்கினேன்.

வத்தலக்குண்டிலேயே ஃபோர்டில் அரைக்குக் குறைவாகத்தான் இருந்திருக்கிறது. அந்த மூன்று கேலன் எங்கும் ஒழுகவில்லை, தொட்டியில் இருந்ததே இல்லை. மாமா குழாயை மூடியிருக்கிறார். சத்தம் வெறுமையாக இருக்கிறது என்று சரியாகச் சொன்ன மனிதரை நேராக ஏறச் சொன்னவன் நான். பொன்னனின் விரல்கள் இனி வராது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், நாளைக்குப் போகலாம், மழை விடட்டும் என்று நானே பேசத் தொடங்கிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். நாலு மணித் தபாலுக்கு முன்பு இதை நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போடுகிறேன், போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. குச்சிகள் இரண்டும் கையில் இருக்கின்றன. தபாலாபீசிலிருந்து நேரே மாமா வீட்டுக்கு நடக்கிறேன், பிறகு பொன்னன் குடிசைக்கு. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

மேலே எண் மூன்றில் எழுதியது தவறு. அதை அடித்துவிட்டுப் படி. பெட்ரோலை அளந்தது நான்.